நாளையை வினவும் கதைகள்

நுழையும்முன்

அறிவியல் புனைகதை என்றவுடன் பறக்கும் தட்டும் இரும்பு மனிதனும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் அத்துறை ஒரே வகைக் கதைகளால் ஆனதன்று. ஒரு மரத்தின் கிளைகள் போல அதில் பல வகைகள் உண்டு. அவ்வகைகள் எவை, அவற்றை எவ்வாறு இனம் காண்பது, அவை நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

எது அறிவியல் புனைகதை?

வானில் பறக்க வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்கு நேற்றுத் தோன்றியதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன், தன் மனைவி விசயையைப் பகைவரிடமிருந்து காப்பதற்காக மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். அப்பொறியை வலப்பக்கம் திருகினால் மேலெழும். இடப்பக்கம் திருகினால் கீழிறங்கும். பெருங்கதையில், உதயணனைச் சிறைப்பிடிப்பதற்காக வீரர்களை உள்ளே மறைத்து வைத்த யானைப்பொறி ஒன்று வருகிறது. நம் முன்னோரின் கற்பனை வளத்துக்கு இவை சான்றுகள் ஆகும்.

எனினும் இக்காப்பியங்களை அறிவியல் புனைகதைகள் எனக் கூறுவதில்லை. மயிற்பொறி ஓர் அரசியை ஏற்றிச் சென்று சுடுகாட்டில் இறக்கியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அது நாட்டையோ மக்களையோ மாற்றவில்லை. மாறாக, சச்சந்தனின் நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு மயிற்பொறி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோட்டை மதிலுக்கும் அகழிக்கும் என்ன பயன் இருந்திருக்கும்? பொறி வாங்கப் பொருளில்லாத ஏழையின் நிலை யாதாகியிருக்கும்? இவ்வினாக்களை எழுப்பி, அவற்றுக்கு விடை தேடிச் செல்லும் கதையே அறிவியல் புனைகதை ஆகும்.

ஆகவே, அத்தகைய கதை ஒன்றைப் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்த்தல் நலம்.

1. நாம் அறிந்த உலகத்திலிருந்து எந்த ஒன்று மாறியுள்ளது?
2. அம்மாற்றம் அறிவியலுக்குப் பொருந்துமாறு விளக்கப்பட்டுள்ளதா?
3. அம்மாற்றத்தால் யாருக்கு நன்மை? யாருக்குத் துன்பம்?

முதல் வினா கதையின் வகையைக் காட்டும். இரண்டாம் வினா அதனை மாயக்கதையிலிருந்து பிரித்துக் காட்டும். மூன்றாம் வினாவோ கதையின் உயிரைக் காட்டும்.

விண்வெளிப் பயணக் கதைகள்

பிரெஞ்சு எழுத்தாளர் சூல் வெர்ன் 1865-ஆம் ஆண்டில் நிலவுப் பயணம் பற்றிய புதினம் ஒன்றை எழுதினார். அதில் அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியிலிருந்து மூவர் நிலவை நோக்கிச் செல்கின்றனர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1969-இல், அதே புளோரிடாவிலிருந்து அப்பல்லோ 11 விண்கலத்தில் மூவர் புறப்பட்டனர். இந்த ஒற்றுமை வியப்பளிப்பதே. ஆனால் வெர்ன் தம் கதைமாந்தரை மிகப்பெரிய பீரங்கியிலிருந்து சுடுமாறு எழுதினார். உண்மையில் அவ்வாறு சுட்டால், நொடிப்பொழுதில் ஏற்படும் பெரும் வேக மாற்றத்தை மனித உடல் தாங்காது. ஏவூர்தி படிப்படியாக வேகம் கூட்டுவதால்தான் மனிதன் உயிரோடு செல்ல முடிகிறது. சிறந்த எழுத்தாளரின் கதையிலும் அறிவியல் பிழை இருக்கலாம். அதனைக் கண்டறிவதும் வாசிப்பின் இன்பங்களுள் ஒன்று.

இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், புவியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி அமைப்பதைப் பற்றி 1979-இல் ஒரு புதினம் எழுதினார். இலங்கையைப் போன்ற ஒரு தீவை நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, அதன் மலையுச்சியில் அம்மின்தூக்கியை அவர் கற்பனை செய்தார். விண்வெளியின் வாயில் மேலை நாடுகளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதை அக்கதை உணர்த்துகிறது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் கட்டுப்பாட்டு மையம் பெங்களூருவில் இருந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தைச் சேர்ந்த தொடர்வண்டித் துறைத் தொழிலாளி ஒருவரின் மகன் ஆவார்.

காலப்பயணக் கதைகள்

எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய கால இயந்திரக் கதையில், நாயகன் 8,02,701-ஆம் ஆண்டுக்குச் செல்கிறான். அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஓர் இனத்தார் உழைப்பையே அறியாது நிலத்தின் மேல் வாழ்கின்றனர். மற்றோர் இனத்தார் நிலத்தின் அடியில் இருளில் இயந்திரங்களை இயக்குகின்றனர். வெல்ஸ் காட்ட விரும்பியது தொலைதூர எதிர்காலத்தை மட்டுமன்று. தம் காலத்து இங்கிலாந்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் இருந்த பிளவையே அவர் நீட்டிக் காட்டினார்.

தமிழ்த் திரையில் 2015-இல் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’ இவ்வகையைச் சார்ந்தது. இறந்த காலத்தில் ஒரு சிறு செயலை மாற்றினால் நிகழ்காலம் எவ்வாறு குலையும் என்பதே இத்தகைய கதைகளின் மையம். காலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஓடுவதில்லை என்பது இன்று அளந்தறிந்த உண்மை. நம் கைப்பேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள், புவியில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடிகள் விரைந்து ஓடுகின்றன. அவ்வேறுபாட்டைச் சரிசெய்யாவிடில் வரைபடம் தவறான தெருவைக் காட்டும்.

இயந்திர மனிதர் கதைகள்

‘ரோபோ’ என்னும் சொல் அறிவியல் கூடத்தில் பிறந்ததன்று; நாடகத்தில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் அச்சொல் முதன்முதலில் வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவர்கள் ஒரு நாள் மறுத்தால் என்ன ஆகும் என்று அந்நாடகம் வினவியது. பின்னர் ஐசக் அசிமோவ், 1942-இல் வெளிவந்த சிறுகதை ஒன்றில், இயந்திர மனிதருக்கு மூன்று விதிகளை வகுத்தார். இயந்திரம் மனிதருக்குத் தீங்கு செய்யலாகாது. அதற்கு முரணாகாத வகையில் ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டும். இவ்விரண்டுக்கும் முரணாகாத வகையில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். விதிகள் தெளிவாக இருந்தும் சிக்கல்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதையே அவர் கதை கதையாக ஆராய்ந்தார். 2010-இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்துச் சிட்டியும் இந்த மரபில் வந்தவனே.

வேற்றுலகினர் கதைகள்

வெல்ஸ் 1898-இல் எழுதிய மற்றொரு புதினத்தில் செவ்வாய்க் கோளினர் புவியின்மீது படையெடுக்கின்றனர். மனிதரின் பீரங்கிகளால் அவர்களை வெல்ல இயலவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகளே இறுதியில் அவர்களை வீழ்த்துகின்றன. தமிழிலோ வேற்றுலகினர் வேறு நோக்கத்தோடு வந்தனர். 1963-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த ‘கலை அரசி’ திரைப்படத்தில், இசைக்கலையை அறியாத வேற்றுக்கோளினர் அதனைக் கற்பதற்காகப் புவியிலிருந்து பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர்.

ஒருவர் படையெடுப்பைக் கண்டார். மற்றொருவர் இசைப் பாடத்தைக் கண்டார். புதிதாக வந்தவரை நாம் பகைவராகக் காண்கிறோமா, விருந்தினராகக் காண்கிறோமா என்பதே இவ்வகைக் கதைகளின் அடிநாதம். பிறந்த ஊரை விட்டு வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறிய குடும்பத்துக் குழந்தைக்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் வகுப்பறையில் ஒரு சொல்லும் புரியாமல் அமர்ந்த அனுபவம், வேற்றுக்கோளில் இறங்கியவனின் அனுபவத்துக்கு மிக அருகில் உள்ளது.

உயிரும் இயற்கையும் பற்றிய கதைகள்

மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ 1818-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. ஓர் இளம் அறிவியலாளன் உயிருள்ள உருவம் ஒன்றைப் படைக்கிறான். பின்னர் அதன் தோற்றத்தைக் கண்டு அஞ்சி, அதனைக் கைவிட்டு ஓடுகிறான். படைத்தது குற்றமா, கைவிட்டது குற்றமா என்னும் வினா இன்றும் ஓயவில்லை.

இந்தியாவில் இவ்வகைக்கு முன்னோடி, இயற்பியல் அறிஞர் ஜகதீஷ் சந்திர போஸ் ஆவார். 1896-இல் அவர் வங்கமொழியில் எழுதிய கதையில், கடலில் எழுந்த புயல் ஒரு புட்டி கூந்தல் எண்ணெயால் அடங்குகிறது. நகைச்சுவையாகத் தோன்றினும், நீர்ப்பரப்பில் எண்ணெய் படர்ந்தால் அலைகள் தணியும் என்னும் அறிவியல் உண்மை அதில் பொதிந்துள்ளது.

நல்லுலகும் இருளுலகும்

எல்லாரும் இன்புற்றிருக்கும் உலகைக் காட்டுவன நல்லுலகக் கதைகள். அச்சமும் அடக்குமுறையும் நிறைந்த உலகைக் காட்டுவன இருளுலகக் கதைகள். இவ்விரு வகைகளுக்கும் சிறந்த எடுத்துக்காட்டுகள் நமக்கு அருகிலேயே உள்ளன.

வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா பேகம் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதை, 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழ் ஒன்றில் அச்சாயிற்று. அக்கதையின் நாட்டில் பெண்களே ஆள்கின்றனர். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கின்றனர். மேகத்திலிருந்து குழாய் வழியே நீரை எடுக்கின்றனர், கதிரவனின் வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கின்றனர், வானூர்தியில் செல்கின்றனர். அதே 1905-ஆம் ஆண்டில், காவிரியின் சிவனசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரத்தால் பெங்களூருவின் தெருவிளக்குகள் முதன்முதலாக எரியத் தொடங்கின. மின்விளக்கே புதுமையாக இருந்த காலத்தில் ஒரு பெண்மணி கதிரவனின் ஆற்றலைக் கனவு கண்டார். பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் அக்கனவு வெறும் பொழுதுபோக்கன்று. ஓர் உரிமைக் குரலாகவும் விளங்கியது.

இருளுலகக் கதைக்குத் தமிழில் எடுத்துக்காட்டு, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன் (1935–2008). மின்னணுப் பொறியாளரான அவர் பெங்களூருவில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1980-களில் ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளிவந்த இப்புதினம், 2020-களின் இந்தியாவைக் கற்பனை செய்தது. அந்நாட்டில் ஜீவா என்னும் தலைவனின் சொல்லே சட்டம். மக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துகளுக்கு மேல் நீளக்கூடாது. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி திடீரென மறைந்துபோகிறான். அவனைத் தேடும் அவளுக்கு ஜீனோ என்னும் இயந்திர நாய் துணையாகிறது. ஜீனோ நூல்களைப் படிக்கிறது, வினாக்களைக் கேட்கிறது, மெல்ல மெல்லத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது. கேள்வி கேட்கும் பழக்கத்தை மனிதர் இழந்துவிட்ட நாட்டில் ஒரு பொம்மை நாய் கேள்வி கேட்கிறது என்பதே இக்கதையின் நுட்பம்.

இங்கே கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2004-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் அதுவே பயன்பட்டது. மக்களின் விருப்பத்தைப் பதிவு செய்யும் இயந்திரத்துக்காக உழைத்தவரே, மக்களின் விருப்பத்துக்கு இடமில்லாத நாட்டையும் எழுதிக் காட்டினார். இயந்திரம் தானாக நன்மை செய்வதுமில்லை. தானாகத் தீமை செய்வதுமில்லை. அது யார் கையில் உள்ளது, அவரை யார் வினவ முடியும் என்பதே முதன்மையானது. மேலே கண்ட மூன்றாம் வினாவின் ஆழம் இதுவே.

ஒரு விதை, ஆறு கதைகள்

ஒரே பொருளை வைத்து எல்லா வகைக் கதைகளையும் எழுத முடியும். சான்றாக, பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரத்தில் ஒரு தெருக்குழாயை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுநிலமாகிய இந்நகரத்துக்குக் காவிரி நீர் ஏற்றப்படுகிறது. ஒரு நாள் அந்நீர் வரவில்லை என்று கொள்வோம்.

நிலவின் பனியிலிருந்து நீர் எடுக்கச் செல்லும் குழுவில் அத்தெருவின் சிறுமி இடம்பெற்றால், அது விண்வெளிப் பயணக் கதை. அவள் கடந்த காலத்துக்குச் சென்றால் அது காலப்பயணக் கதை. இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் உள்ள இடத்தில் அன்று தர்மாம்புதி ஏரி இருந்ததை அவள் காண்பாள். ஏரியை மூடாதீர்கள் என்று அவள் தடுத்தால், அவளுடைய பாட்டனார் வந்திறங்கிய பேருந்து எங்கே நின்றிருக்கும்? அவர் இவ்வூரில் தங்கியிருப்பாரா?

எந்த வீட்டுக்கு முதலில் நீர் தருவது என்பதை ஓர் இயந்திரம் முடிவு செய்தால், அது இயந்திர மனிதர் கதை. மருத்துவமனைக்கா, முதியோர் வாழும் வீட்டுக்கா, அதிகப் பணம் தருபவருக்கா என்னும் விதியை அவ்வியந்திரத்துக்கு வகுப்பவர் யார்? நீரையே கண்டறியாத ஒருவர் வேற்றுலகிலிருந்து வந்து குடங்களின் வரிசையில் நின்றால், அது வேற்றுலகினர் கதை. அவரிடம் முதலில் பேசுபவர் கன்னடம் பேசும் அக்காவா, தமிழ் பேசும் பாட்டியா? கழிவுநீரைத் தூய்மையாக்கும் புதிய நுண்ணுயிர் ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகினால், அது உயிரும் இயற்கையும் பற்றிய கதை. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தந்து, அரசைப் புகழ்ந்தவர்க்கு மட்டும் குழாய் திறந்தால், அது இருளுலகக் கதை.

தமிழில் நாளை

வேற்று மாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தைகள் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் பேசுகின்றனர். அதனால் தமிழ் என்பது பாட்டியின் மொழி, திருவிழாவின் மொழி, பழங்காலத்தின் மொழி என்ற எண்ணம் சிலரிடம் தோன்றக்கூடும். எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேறு மொழி வேண்டும் என்றும் சிலர் கருதலாம். அவ்வெண்ணம் வேரூன்றினால், மொழி மெல்ல மெல்ல அடுப்பங்கரையோடு நின்றுவிடும். எந்த மொழியில் நாளையைப் பற்றிக் கனவு காண்கிறோமோ அந்த மொழிக்கே நாளையிலும் இடமுண்டு.

இயந்திர நாயைப் பற்றிய தமிழ்ப் புதினத்தை எழுதியவர், இதே பெங்களூரு நகரில் பொறியாளராகப் பணியாற்றியவர். அவர் அப்புதினத்துக்கு இட்ட தலைப்பும் சிந்திக்கத்தக்கது. ஓர் இயந்திரத்தைக் கடிதத்தில் நண்பரை விளிப்பது போல ‘என் இனிய’ என அது விளிக்கிறது. புதிய பொருளைத் தமிழின் பழைய அன்போடு அழைக்க முடியும் என்பதற்கு அத்தலைப்பே சான்று. எதிர்காலத்தில் நடக்கும் கதை நியூயார்க்கில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை; ஒக்கலிபுரத்தின் தொடர்வண்டிப் பாதையோரத்திலும் நடக்கலாம். அதனை அத்தெருவை அறிந்த ஒரு மாணவரே நன்றாக எழுத முடியும்.

சொல்லும் பொருளும்

பொறி – இயந்திரம்
அகழி – கோட்டையைச் சுற்றியுள்ள நீர்நிலை
இசைவு – அனுமதி
அடிநாதம் – உள்ளார்ந்த கருத்து
விளித்தல் – அழைத்தல்

சிந்தித்து விடை எழுதுக

1. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வரும் பகுதியை அறிவியல் புனைகதை எனக் கூறாமைக்குக் காரணம் யாது?
2. சூல் வெர்னின் நிலவுப் பயணக் கதையில் அமைந்த ஓர் ஒற்றுமையையும் ஓர் அறிவியல் பிழையையும் எடுத்தெழுதுக.
3. ‘என் இனிய இயந்திரா’ கதைமாந்தரின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்துகளை எண்ணுக. பெயரின் நீளத்தை அரசு முடிவு செய்வதால் மக்கள் இழப்பது என்ன? வகுப்பில் கலந்துரையாடுக.
4. நீவிர் பார்த்த அல்லது படித்த அறிவியல் கதை ஒன்று எவ்வகையைச் சார்ந்தது? மூன்று வினாக்களையும் கேட்டு விடை காண்க.

படைத்து மகிழ்க

உம் தெருவில் நாள்தோறும் காணும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க. அதில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்க. அம்மாற்றத்தால் நன்மை பெறும் ஒருவரையும் துன்பம் அடையும் ஒருவரையும் கதைமாந்தராக அமைத்து, இருபது வரிகளில் தமிழில் ஓர் அறிவியல் புனைகதை எழுதுக. எழுதிய கதையை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் முதல் வினாவைக் கதையின் அடியில் குறித்து வருக.